ஹரிகேன் பக்கத்தில் எந்த பெட்ரோல் வண்டி? போர்க்கால விமானத்தள வண்டிகள், 1/72, 1/76

கோடிக்கரை_மாடல் (மண்டபம்)

எல்லாருக்கும் வணக்கம். ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் 1/72 (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) ஹரிகேன் போர் விமான மாடல் ஒன்று முடியப்போகிறது. அதை மட்டும் தனியாக ஷோகேசில் நிறுத்த மனசு வரவில்லை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கிய நாள். அன்று கொழும்பு குதிரைப்பந்தய மைதானமே ஒரு விமானத்தளம். பிரிட்டிஷ் விமானப்படையின் (ஆர்.ஏ.எஃப்.) 258-வது ஸ்குவாட்ரனின் ஹரிகேன்கள் அங்கிருந்துதான் கிளம்பின. அந்தத் தளத்தின் ஒரு மூலையை, தாக்குதலுக்கு முந்தைய நாள் பெட்ரோல் நிரப்பும் நேரத்தை, ஏ4 அளவுப் பலகையில் செய்ய ஆசை.

மாடல் செய்கிறவர்கள் இங்கிலாந்து வயல்வெளியையும் ஆப்பிரிக்கப் பாலைவனத்தையும்தான் திரும்பத் திரும்பச் செய்கிறோம். நமக்கு எதிர்க்கரையில் நடந்த சண்டை இது. அதை யாராவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கையில் இருப்பது ஏர்ஃபிக்ஸின் பழைய ரீஃப்யூலிங் செட். ஏ.இ.சி. மேட்டடார் டேங்கர் ஒன்று, பெட்ஃபோர்ட் க்யூ.எல். டேங்கர் ஒன்று. இரண்டும் 1/76. பக்கத்தில் வைத்தால் அளவு உறுத்துமா? இரண்டில் எது 1942-க்குச் சரி? என்ன நிறம் அடிப்பது?

பாம்பன்_00 (பாம்பன்)

அளவு பற்றி மட்டும் நான் சொல்கிறேன். நான் ரயில் மாடல் ஆள்.

1/76 என்பது ரயில்காரர்களின் 00 அளவிலிருந்து வந்தது. ஒரு அடிக்கு 4 மி.மீ. என்று கணக்கு. 1/72-ல் ஆறு அடி ஒரு அங்குலம் ஆகும். ஆறு அடி ஆள் 1/72-ல் 25.4 மி.மீ., 1/76-ல் 24 மி.மீ. வித்தியாசம் ஐந்து சதவீதத்தை ஒட்டி. லாரியில் இது கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் மேட்டடார் நிஜத்தில் எவ்வளவு நீளம் என்று பார்ப்பவர் மனசில் அளவு எதுவும் கிடையாது. ஆள், டிரம், ஜெர்ரி கேன், டயர், இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த அளவு. அங்கேதான் மாட்டும்.

அதனால் ஆட்கள், டிரம்கள் எல்லாவற்றையும் 1/72-லேயே எடுத்துக்கொள்ளுங்கள். லாரிக்குள் 1/76 டிரைவரை உட்கார வைத்தால் அவர் அங்கேயே இருக்கட்டும், இறக்கி விமானத்துக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டாம். லாரியை விமானத்துக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரிவது இயல்புதான். அந்த ஐந்து சதவீதம் ஆழத்தைக் கூட்டிக் காட்டும்.

கீழக்கரை_ஸ்ப்ரூ (கீழக்கரை)

தம்பி, வருடக் கணக்குக்கு வருகிறேன். பெட்ஃபோர்ட் க்யூ.எல். தொழிற்சாலையிலிருந்து வெளிவரத் தொடங்கியதே 1941-ல்தான். அப்போது மத்தியதரைக் கடல் வழி சரக்குக் கப்பலுக்கு ஆபத்து. ஆப்பிரிக்காவைச் சுற்றி நன்னம்பிக்கை முனை வழியாகத்தான் சாமான் வர வேண்டும். முதலில் வந்த டேங்கர்கள் பிரிட்டனுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் போகாமல் 1942 ஏப்ரலுக்குள் கொழும்பில் நிற்கும் என்று நான் வைக்க மாட்டேன். போட்டோ காட்டினால் மாற்றிக்கொள்கிறேன். க்யூ.எல்.ஐ எடுத்து வை, 1944 பர்மாக் காட்சிக்கு அருமையாக உதவும்.

மேட்டடாருக்கு வருடம் இடிக்காது. ஆனால் அது 2,500 காலன் பிடிக்கிற ஆறு சக்கர ராட்சசன். உன் பலகையில் பாதியை அதுவே சாப்பிட்டுவிடும். ஹரிகேனுக்கு அவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்பதையும் யோசி.

நிறம்: போருக்கு முன் ஆர்.ஏ.எஃப். வண்டிகள் நீலச்சாம்பல். போர் வந்ததும் பச்சை, அதன் மேல் கறுப்போ கரும்பச்சையோ. 1942-ல் பச்சை நிறமிக்குத் தட்டுப்பாடு வந்து பிரிட்டனில் பழுப்புக்கு மாறினார்கள். 1944-ல் ஆலிவ். உன் காட்சி ஏப்ரல் 1942. பழுப்பு உத்தரவு வந்து, பெயின்ட் கப்பலேறி, லாரியில் பூசப்படுவதற்கு நேரமே இல்லை. நானாக இருந்தால் பழைய நீலச்சாம்பல் வண்டிக்கு மேல் கையால் பச்சை பூசியது மாதிரி செய்வேன், கதவு உள்பக்கமும் சேசிஸ் ஓரமும் நீலச்சாம்பலாகவே தெரியும்படி.

இன்னொன்று. விமானத்தின் வட்டச் சின்னத்தில் சிவப்பை எடுத்துவிட்டு வெளிர்நீலம் வைத்த டிகால் (ஒட்டுப்படம்) உன் பெட்டியில் இருந்தால் தொடாதே. ஜப்பான் சின்னத்தோடு குழப்பம் வரக்கூடாது என்று அப்படி மாற்றியது இதற்குப் பிற்பாடு. அந்தச் சின்னத்தைப் போட்ட தென்கிழக்கு ஆசியக் கூட்டுப் படைத் தலைமையே 1943-ல்தான் அமைந்தது.

ஓய்வு_ஏர்மேன் (பரமக்குடி)

தம்பிமார்களே, நான் விமானப்படையில் தரைப் பணியில் இருந்தவன். போர்க்கால வண்டிகளில் வேலை பார்க்கும் வயசு எனக்கு இல்லை, ஆனால் பெட்ரோல் நிரப்பும் ஒழுங்குமுறை அன்றைக்கும் இன்றைக்கும் அடிப்படையில் ஒன்றுதான். மாடல் செய்கிறவர்கள் பெரும்பாலும் தவற விடும் இடமும் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

ஹரிகேனுக்கு இறக்கைக்குள், உடலை ஒட்டி இரண்டு டாங்க், தலா 33 காலன். விமானிக்கு முன்னால், என்ஜினுக்குப் பின்னால், 28 காலன் ரிசர்வ் டாங்க். ஆக 94. ஸ்பிட்ஃபயர் முதல் மாடலுக்கு 85. லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்துக்கு 2,154 காலன். இப்போது வண்டிகளைப் பாருங்கள். 2,500 காலன் மேட்டடார் எதற்காக என்று உடனே புரியும். ஒரு கனரக விமானத்தை ஒரே வண்டி ஒரே தடவையில் நிரப்ப வேண்டும். போர் விமானங்களுக்கு இருந்தது ஆல்பியன் ஏ.எம். 463. கொள்ளளவு 450 காலன்தான், ஆனால் மூன்று நீண்ட குழாய்க் கைகள். வண்டி நடுவில் நிற்கும், மூன்று விமானம் சுற்றி நிற்கும், மூன்றுக்கும் ஒரே நேரத்தில் பெட்ரோல் ஏறும். எதிரி பத்து நிமிடத்தில் திரும்பி வருவான் என்ற நிலையில் அந்த மூன்று கைகளின் மதிப்பை நினைத்துப் பாருங்கள். விமானத்தைப் புகழ்ந்து எழுதாதவர் இல்லை. அந்த வண்டியைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதுவதில்லை. அது வராவிட்டால் அந்த விமானம் வெறும் தகரம்.

காட்சியில் ஆட்களை எங்கே நிறுத்துவது? இறக்கை டாங்கின் மூடி இறக்கையின் மேல்பக்கம், உடலோடு சேரும் இடத்தை ஒட்டி இருக்கும். ஒருவர் அங்கே மண்டியிட்டு நாசிலைப் பிடித்திருப்பார். இன்னொருவர் கீழே நின்று குழாய் இறக்கை விளிம்பில் உராயாமல் தூக்கிப் பிடிப்பார். மூன்றாமவர் வண்டியில் பம்ப் பக்கம். விமானிக்கு அங்கே வேலை இல்லை, பக்கத்தில் சிகரெட்டோடு நிறுத்தவே கூடாது.

முக்கியமானது எர்த் கம்பி. பெட்ரோல் குழாயில் ஓடும்போது நிலைமின்சாரம் உண்டாகும். வண்டிக்கும் விமானத்துக்கும் இடையே மின்னழுத்த வித்தியாசம் இருந்தால் நாசில் வாயில் பொறி தட்டும். ஆகவே முதலில் கம்பி, அதற்குப் பிறகுதான் மூடியைத் திறப்பது. கழற்றும்போது கம்பி கடைசி. உங்கள் மாடலில் மயிரளவு செம்புக் கம்பி ஒன்று லாரியிலிருந்து விமானத்துக்குப் போனால், தெரிந்தவன் கண்ணில் அதுதான் முதலில் படும்.

கோடிக்கரை_மாடல் (மண்டபம்)

ஐயா, இப்படி ஒரு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மிக்க நன்றி. ஆல்பியன் கிட் இருக்கிறதா?

கீழக்கரை_ஸ்ப்ரூ (கீழக்கரை)

ஏர்ஃபிக்ஸ் போட்டிருக்கிறது, ஆனால் 1/48. உன் ஹரிகேனுக்கு ஆகாது. 1/48-க்கு மாறினால் ஆல்பியனும் வரும், டமியாவின் டில்லி காரும் வரும். டில்லி என்பது ஆஸ்டின், ஹில்மன், மோரிஸ், ஸ்டாண்டர்ட் நான்கு கம்பெனியும் குடும்பக் காரை வெட்டிப் பின்னால் சின்னப் பெட்டி வைத்துக் கொடுத்த வண்டி. டமியா செய்தது ஆஸ்டினின் 10 குதிரைத்திறன் வண்டியை. ஆனால் செலவும் இடமும் கூடும்.

பாம்பன்_00 (பாம்பன்)

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொல்வதைப் பார்த்தால் 1/72-ல் ஆல்பியனை நாமே கட்டலாம் போலிருக்கிறதே. டாங்க் நீள்பெட்டி, கேபின் நேர்க்கோடுகள். 1/48 கிட்டை யாரிடமாவது இரவல் வாங்கி அளந்து மூன்றில் இரண்டாகக் குறைத்தால் போதும். 48-க்கும் 72-க்கும் அதுதான் விகிதம். சக்கரங்களை மட்டும் வேறு கிட்டிலிருந்து எடுக்க வேண்டும்.

டீச்சர்_தேவிபட்டினம் (தேவிபட்டினம்)

எனக்கு இன்னொரு யோசனை. கொழும்புக்கு ஏன் போக வேண்டும்? போர்க்காலத்தில் ராமேஸ்வரம் ஸ்டேஷனில் ரயில் நிற்காமல் போனதும், ஓடும் ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டுகளைத் தூக்கிப் போட்டதும் கலாம் அவர்களின் சிறுவயது நினைவுகளில் உண்டு. 1914-லிருந்து பாம்பன் பாலம் வழியாகத் தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். பாலத்தின் மேல் தட்டை வேகனில் தார்ப்பாய் போர்த்திய விமானப்படை லாரி ஒன்று போவதைப் போல் செய்தால் நம் ஊர்க் காட்சி ஆகிவிடும். என் மாணவர்களுக்கும் அது சட்டென்று புரியும்.

ஓய்வு_ஏர்மேன் (பரமக்குடி)

டீச்சரம்மா, அழகான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் அப்படி ஒரு லாரி அந்தப் பாலத்தில் போனதற்குப் படமோ பதிவோ கையில் இல்லாமல் செய்தால், பார்க்கிற பிள்ளைகள் அது நடந்தது என்றே எடுத்துக்கொள்வார்கள். மாடல் ஒரு சாட்சி மாதிரி. கொழும்பு மைதானத்தில் ஹரிகேன் நின்றது உறுதி, அதற்கு பெட்ரோல் போட்டதும் உறுதி. அந்த இரண்டின் மேல் நிற்கட்டும்.

டீச்சர்_தேவிபட்டினம் (தேவிபட்டினம்)

ஐயா, ஒப்புக்கொள்கிறேன், பாதி மட்டும். கீழே ஒரு அட்டையில் "கற்பனைக் காட்சி" என்று எழுதி வைத்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். தட்டை வேகனில் போர்த்திய தார்ப்பாய்க்குள் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கேள்வியிலிருந்து பாடம் தொடங்கலாம். நான் அதைத் தனியாகச் செய்யப் பார்க்கிறேன், தம்பியின் இழையை இழுக்கவில்லை.

உப்பளம் (வாலிநோக்கம்)

துரு பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கரையில் இருக்கும் நம் எல்லாருக்கும் இதில் கை தாராளம். தினமும் துருவைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். படகு வின்ச், உப்பள டிராக்டர், ஜெட்டியில் கிடக்கும் நங்கூரம். அந்தக் கண்ணோடு லாரியைப் பூசினால் இருபது வருடம் கடலோரம் கிடந்த வண்டி மாதிரி வந்துவிடும். 1942-ல் அந்த லாரிகளுக்கு வயசே சில வருடங்கள். அதிலும் தினமும் துடைத்து எண்ணெய் போட்டு வைத்த படை வண்டி. துருவை சைலன்சரிலும், இழுவைக் கொக்கியிலும், பெயின்ட் தேய்ந்த படிக்கட்டு ஓரத்திலும் மட்டும் காட்டுங்கள். மீதி எல்லாம் புழுதி, வெயிலில் வெளுத்த பெயின்ட், மூடியைச் சுற்றி பெட்ரோல் வழிந்த கறை.

உப்பை வைத்துப் பெயின்ட் உரிக்கும் முறை எல்லாருக்கும் தெரியும்: துரு நிறம் அடித்து, ஈரமாக்கி, உப்பைத் தூவி, காய்ந்ததும் மேல் நிறம் அடித்து, பிறகு உப்பைத் தேய்த்து எடுப்பது. எங்கள் பாத்தி உப்பைக் கல்லாகவே போட்டால் ஒவ்வொரு உரிவும் உள்ளங்கை அகலம் தெரியும். அம்மியில் பொடித்து, வேட்டித் துணியில் சலித்த தூள்தான் இந்த அளவுக்கு ஆகும். முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கொஞ்சம் உப்பு தங்கினாலும் வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் அது ஈரத்தை இழுத்து வார்னிஷுக்கு அடியில் வியர்க்கும்.

கோடிக்கரை_மாடல் (மண்டபம்)

அண்ணே, ஈரம் என்றதும் கேட்கிறேன். கார்த்திகையில் லாக்கர் பெயின்ட் அடித்தால் மேலே வெள்ளையாகப் படர்கிறது. என்ன செய்வது?

கீழக்கரை_ஸ்ப்ரூ (கீழக்கரை)

தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிகிறது. அதுதான் அந்த வெள்ளை. மெதுவாகக் காயும் ரிடார்டர் கலந்த தின்னர் போடு, மழை விட்ட நாளில் மதியம் அடி. கம்ப்ரெசரில் தண்ணீர் பிடிக்கும் டிராப் கட்டாயம். ஏற்கெனவே படர்ந்திருந்தால் வெறும் ரிடார்டர் தின்னரை லேசாக மேலே ஸ்ப்ரே செய், பெரும்பாலும் தெளிந்துவிடும். கச்சான் காற்றுக் காலத்தில் தொல்லை வேறு, அக்ரிலிக் தூரிகை நுனியிலேயே காய்ந்துவிடும்.

பாம்பன்_00 (பாம்பன்)

தரை பற்றி யாரும் சொல்லவில்லை. மண்டபம் கடற்கரை மணலை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். அரை மி.மீ. மணல் 1/72-ல் 36 மி.மீ. ஜல்லி. எப்படியும் உங்கள் காட்சி குதிரைப்பந்தய மைதானம், புல்தரை. கடையில் விற்கும் 2 மி.மீ. செயற்கைப் புல்கூட 14 செ.மீ. உயரம் ஆகிவிடும். தேங்காய் நாரைப் பொடியாகக் கத்தரித்து, கண்மாய் வண்டலை நைசாகச் சலித்து, இரண்டையும் கலந்து பசையில் தூவுங்கள். லாரி டயர் போன தடத்தில் நார் இல்லாமல் வண்டல் மட்டும்.

துளை போட்ட இரும்புத் தகடு ஓடுதளத்தையும் அங்கே விரிக்காதீர்கள். அமெரிக்காவில் அதைச் சோதித்துப் பார்த்ததே 1941 நவம்பரில். பர்மா முனைக் காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு தகடு 10 அடி நீளம், 15 அங்குல அகலம், 87 துளை. 1/72-ல் 42 மி.மீ.க்கு 5 மி.மீ. சொச்சம். அதைக் கையால் துளைக்கத் துணிகிறவர்களுக்கு என் வணக்கம்.

ஓய்வு_ஏர்மேன் (பரமக்குடி)

பெட்ரோல் வண்டியே கிடைக்காவிட்டாலும் காட்சி நிற்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். போர்க்காலத்தில் எத்தனையோ தளங்களில் தகர டின்னிலிருந்து கையால் ஊற்றித்தான் நிரப்பினார்கள். நான்கு காலன் பிடிக்கும் சதுர டின், ஏறத்தாழ 18 லிட்டர். நம் பலசரக்குக் கடை எண்ணெய் டின்னின் உருவம்தான். மெல்லிய தகரம், ஓரம் கசியும். பெரிய புனல், அதில் தண்ணீரும் தூசியும் இறங்காமல் வடிகட்ட ஷாமி தோல் (மிருதுவான மெல்லிய தோல்). இரண்டு பேர் டின்னைக் கைமாற்றுவது, ஒருவர் இறக்கையில் புனலோடு. 94 காலனுக்கு 24 டின். இதை ஒரு ஆள் தூக்கி இறக்கை மேல் கொடுத்தால் தோள் என்ன ஆகும் என்று பாருங்கள்.

பக்கத்தில் கட்டாயம் வைக்க வேண்டியது ஸ்டார்ட்டர் பாட்டரி வண்டி. டிராலி அக் என்பார்கள். இரண்டு சக்கரம், மேலே மூடியுள்ள பெட்டி, முன்னால் இழுகைப்பிடி, ஒரு தடித்த கேபிள். விமானத்தின் சொந்த பாட்டரியைக் காலி செய்யாமல் இதிலிருந்துதான் என்ஜினைச் சுழற்றுவார்கள். பிளாஸ்டிக் ஷீட்டில் ஒரு மாலையில் கட்டிவிடலாம். கிளம்பத் தயாராக நிற்கும் ஹரிகேனுக்குப் பக்கத்தில் அது இல்லையென்றால் எனக்கு மனசு ஒப்பாது.

உப்பளம் (வாலிநோக்கம்)

ஜப்பான் பக்கம் இதற்கு லாரியே வைத்திருந்தார்கள் இல்லையா? ஹசெகாவா கம்பெனி 1/72-ல் போட்ட டொயோட்டா ஸ்டார்ட்டர் லாரி பார்த்திருக்கிறேன்.

கீழக்கரை_ஸ்ப்ரூ (கீழக்கரை)

ஆமாம், இசுசு டேங்கரும் உண்டு. லாரியின் கேபினுக்கு மேலாக ஒரு நீண்ட தண்டு வந்து புரொபெல்லர் மூக்கிலுள்ள கொக்கியில் மாட்டும், லாரி என்ஜினே அதைச் சுழற்றும். அது தரைத்தளங்களுக்கு. கொழும்புக்கு வந்தவை விமானந்தாங்கிக் கப்பல் விமானங்கள். ஜீரோவுக்கு கையால் கைப்பிடி சுற்றித்தான் ஸ்டார்ட். இந்தக் காட்சியின் எதிர்ப்பக்கம் செய்ய நினைப்பவர் அந்த லாரியை வாங்க வேண்டியதில்லை.

டீச்சர்_தேவிபட்டினம் (தேவிபட்டினம்)

ஒரு சந்தேகம். பக்கத்திலேயே உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கிறதே, பெட்ரோல் வண்டி எப்படி நிற்கிறது என்று பிள்ளைகளுக்கு வேலியோரம் காட்டலாமா?

ஓய்வு_ஏர்மேன் (பரமக்குடி)

வேண்டாம் அம்மா. ஐ.என்.எஸ். பருந்து நடப்பில் உள்ள படைத்தளம். வேலியோரம் நின்று படம் எடுப்பதோ குறிப்பு எடுப்பதோ கூடாது. மதுரை விமான நிலையத்தில் பயணியாக ஜன்னல் வழியே பார்த்தாலே வண்டி, குழாய், எர்த் கம்பி மூன்றும் தெரியும்.

கோடிக்கரை_மாடல் (மண்டபம்)

முடிவு இது. மேட்டடார் பெட்டிக்குள் திரும்பிப் போகிறது. க்யூ.எல். பர்மாவுக்கு. ஆல்பியனை 1/72-ல் நானே கட்டப் பார்க்கிறேன், பாம்பன் அண்ணன் அளவு எடுத்துத் தருவதாகத் தனிமடலில் சொல்லியிருக்கிறார். அது தயாராகும்வரை ஐயா சொன்ன டின், புனல், டிராலி அக்கோடு பலகையைத் தொடங்குகிறேன். குழாய்க்கு எதைப் பயன்படுத்துவது? தங்கூசி நரம்பு போட்டுப் பார்த்தேன், வில் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது.

பாம்பன்_00 (பாம்பன்)

தங்கூசி படியவே படியாது. சால்டரிங் ஈயக் கம்பி அரை மி.மீ. தடிமனில் கிடைக்கும். வளைத்த இடத்தில் கிடக்கும், தரையில் கனமாகப் படியும், இறக்கை விளிம்பில் தொங்கும்போது நிஜக் குழாயின் தொய்வு தானாக வரும். பிரைமர் அடித்த பிறகு மட்டான கறுப்பு. எர்த் கம்பிக்குப் பழைய இயர்போன் ஒயரைப் பிரித்தால் போதும்.

கோடிக்கரை_மாடல் (மண்டபம்)

கடைசியாக ஒன்று. செட்டில் உள்ள டிகால் ஷீட் மஞ்சளாகிவிட்டது. ஆர்.ஏ.எஃப். நம்பர் பிளேட் எழுத்துகளை அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

கீழக்கரை_ஸ்ப்ரூ (கீழக்கரை)

பிளாஸ்டிக் கவரில் போட்டு ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம், படம் வெளியே வெயிலைப் பார்க்கும்படி ஒட்டி வை. சில நாளில் மஞ்சள் வெளுக்கும். கவரை நன்றாக மூடு, உப்புக்காற்று பட்டால் பசை போய்விடும். எடுத்ததும் ஷீட் முழுக்க கிளாஸ் வார்னிஷ் ஒரு பூச்சு கொடு, இல்லாவிட்டால் பழைய டிகால் தண்ணீரில் துண்டு துண்டாக உடையும். ஒட்டும் இடத்திலும் முதலில் கிளாஸ், பிறகு டிகால், கடைசியில் மட் வார்னிஷ்.